புற்றுநோய் சிகிச்சையில் தட்டணு எதிர்ப்பு மருந்து: தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா, புதிதாகத் தொடங்குவதா?

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரின், குளோபிடோகிரல் என்னும் இரண்டு தட்டணு எதிர்ப்பு மருந்துகளைச் சாப்பிட்டுவரும் ஒருவருக்குப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. கீமோவின் இரண்டாம் சுற்றில், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கை 42,000-க்கு இறங்குகிறது. மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் என்கிறார் இதய மருத்துவர். தொடர்ந்தால் இரத்தம் கசியும் என்கிறார் புற்றுநோய் மருத்துவர். இரண்டுமே உண்மைதான். நடுவில் நிற்கும் குடும்பத்துக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரிவதில்லை.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்தும் ஒரு கேள்வி வருகிறது. இதய நோய் எதுவும் இல்லாதவர்கள், ஆஸ்பிரின் புற்றுநோய் பரவுவதைத் தடுக்கும் என்று செய்தியில் படித்துவிட்டு, தாங்களாகவே தொடங்கலாமா என்று கேட்கிறார்கள். இரு கேள்விகளுக்கும் விடை தேட வேண்டிய இடம் ஒன்றுதான்: இந்த மருந்து இந்த நோயாளிக்கு எதற்காக? அது தெளிவாகாதவரை, எண்ணிக்கையை மட்டும் பார்த்து எடுக்கும் எந்த முடிவும் அரைகுறையாகவே இருக்கும்.

## தட்டணு யார் பக்கம்?

இரத்தத்தில் தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகாரியோசைட் என்னும் பெரிய செல்களிலிருந்து உதிர்ந்து, 7 முதல் 10 நாட்கள் வாழ்கின்றன. காயத்தை அடைப்பதுதான் வேலை என்றாலும், புற்றுநோய் செல்லுக்கும் அவை துணைபோகின்றன.

கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்துக்குள் வரும் செல்லைத் தட்டணுக்கள் சூழ்ந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் போர்வைக்குள் இருக்கும் செல்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இயற்கைக் கொல்லி செல்களால் எளிதில் அடையாளம் காண முடிவதில்லை. தட்டணுக்கள் வெளியிடும் டிஜிஎஃப்-பீட்டா என்னும் புரதம் அந்தச் செல்லை இடம்பெயர்ந்து ஊடுருவும் தன்மைக்கு மாற்றுகிறது. விஇஜிஎஃப் போன்ற புரதங்கள் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்க உதவுகின்றன. எலிகளில் தட்டணுக்களைக் குறைத்தால் புற்றுநோய் பரவல் குறைகிறது என்பதை 1968-லேயே காப்ரியேல் காசிக் குழுவினர் காட்டினர். தட்டணுக்கள் விடும் திராம்பாக்ஸேன் ஏ2 என்னும் வேதிப்பொருள், புற்றுநோயைத் தாக்கும் நம் டி செல்களை மந்தமாக்குகிறது, ஆஸ்பிரின் அந்தத் தடையை நீக்குகிறது என்று 2025-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் விளக்கினர். இதுவும் எலிகளில் செய்த ஆய்வு.

மறுபக்கம், புற்றுநோயே இரத்தத்தை உறையும் நிலைக்குத் தள்ளும். பிரெஞ்சு மருத்துவர் ஆர்மான் துருசோ 1865-லேயே இதைச் சொல்லிவிட்டார். சிஸ்பிளாட்டின், பெவாசிசுமாப், பொனாட்டினிப் போன்ற புற்றுநோய் மருந்துகள் தமனிகளில் அடைப்பு வரும் அபாயத்தை மேலும் கூட்டுகின்றன. ஆகவே தட்டணு குறைந்துவிட்டால் இனி அடைப்பு வராது என்று நினைப்பது ஆபத்து. எண்ணிக்கை குறைந்த நிலையிலும் ஸ்டென்ட் அடைபடும், மாரடைப்பும் வரும்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

காரணம். ஸ்டென்ட், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் ஏதாவது ஏற்கெனவே வந்திருக்கிறதா, அல்லது வராமலிருக்க முன்னெச்சரிக்கையாக எடுக்கிறாரா? ஸ்டென்ட் என்றால் வைத்து எத்தனை மாதம்? முதல் மாதத்தில் நிறுத்துவதும் மூன்றாம் ஆண்டில் நிறுத்துவதும் ஒன்றல்ல.

எண்ணிக்கையும் அதன் போக்கும். 45,000 என்ற எண் இறங்கிக்கொண்டிருக்கிறதா, ஏறிக்கொண்டிருக்கிறதா? பெரும்பாலான கீமோ மருந்துகளில் 10 முதல் 14-ஆம் நாளுக்குள் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடும். கார்போபிளாட்டினைத் தனியாகக் கொடுத்தால் அது 21-ஆம் நாள் வாக்கில் வரும். அதனால் 8-ஆம் நாள் பரிசோதனை நன்றாக இருப்பதை நம்பி முடிவெடுத்தால், நடுவில் வரும் சரிவு கண்ணில் படாமலே போய்விடும்.

எண் உண்மையா? கீமோவே தொடங்காதவருக்குத் திடீரென்று 30,000 என்று வந்தால், பதறுவதற்கு முன், கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் எடுக்கும் ஈடிடிஏ குழாயில் சிலரது தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகிவிடும். எண்ணும் கருவி அதைத் தட்டணுவாகக் கணக்கிடாது. சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்தால் சரியான எண் தெரியும். இந்த ஒரு பரிசோதனையைச் செய்யாமல் ஸ்டென்ட் மருந்தை நிறுத்துவது பெரிய தவறு.

கசியக்கூடிய இடம். மூளைக்குப் பரவியிருக்கிறதா? மெலனோமா என்னும் தோல் புற்றுநோய், சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவற்றின் மூளைப் பரவல்கள் தாமாகவே கசியும் இயல்புடையவை. இரைப்பையில் அறுவை செய்யாத கட்டி, கதிர்வீச்சால் புண்ணான மலக்குடல் ஆகியவையும் இந்தக் கணக்கில் சேரும்.

கூடவே ஓடும் மருந்துகள், அடுத்து வரும் செயல்முறைகள். இவை இரண்டும்தான் அதிகம் மறக்கப்படுகின்றன. கீழே தனியாக வருகின்றன.

## மருந்துகளை ஒப்பிட்டால்

ஐரோப்பிய இதயவியல் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தீவிர இதயத் தமனி நோய் உள்ள புற்றுநோயாளிகளுக்கு ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனிக் கீழ்வரம்பு சொல்கிறது. அட்டவணையின் இரண்டாம் பத்தி அதுதான்.

| மருந்து | இந்த எண்ணிக்கைக்குக் கீழே வேண்டாம் | அறுவைக்கு முன் நிறுத்தும் வழக்கம் | சிகிச்சையோடு மோதும் இடம் |
|---|---|---|---|
| ஆஸ்பிரின் | 10,000 | தேவைப்பட்டால் 7 நாள். ஸ்டென்ட் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் தொடர்வார்கள் | ஐபுபுரோஃபென், அதிக அளவு மெத்தோட்ரெக்சேட், டெக்சாமெத்தசோன் |
| குளோபிடோகிரல் | 30,000 | 5 நாள் | பாக்லிடாக்சல், ஒமெப்ரசோல் |
| டிகாக்ரிலார் | 50,000 | 3 முதல் 5 நாள் | என்சலூட்டமைட், பூஞ்சை எதிர்ப்பு அசோல் மருந்துகள், கிளாரித்ரோமைசின் |
| பிரசுக்ரெல் | 50,000 | 7 நாள் | முன்பு பக்கவாதம் வந்தவர்களுக்குக் கூடாது. 75 வயதைக் கடந்தவர்களுக்கும் 60 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் பொதுவாகத் தவிர்ப்பார்கள் |

கீமோவில் இருப்பவருக்கு ஆஸ்பிரினோடு இரண்டாவது மருந்தும் தேவை என்றால் குளோபிடோகிரலே பெரும்பாலும் பொருத்தம். டிகாக்ரிலாரும் பிரசுக்ரெலும் அதைவிட வலுவானவை. எண்ணிக்கை ஏறி இறங்கும் உடலில் அந்தக் கூடுதல் வலு கசிவாக மாறுவதற்கே வாய்ப்பு அதிகம்.

"நிறுத்தும் நாட்கள்" என்ற பத்தியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆஸ்பிரின், குளோபிடோகிரல், பிரசுக்ரெல் மூன்றும் தட்டணுவை அதன் ஆயுள் முடியும்வரை முடக்கிவிடும். மாத்திரையை நிறுத்தியபின் இரத்தம் பழைய நிலைக்கு வருவது, மஜ்ஜை நாளுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு புதிய தட்டணுக்களை அனுப்புவதால்தான். கீமோவால் மஜ்ஜை ஒடுங்கிக் கிடக்கும்போது அந்த வரத்து மெலிந்துவிடும். ஆரோக்கியமானவருக்குப் போதுமான 5 நாள் இவருக்குப் போதாமல் போகலாம். மஜ்ஜை அளவுக்கு மீறி உற்பத்தி செய்யும் நோய்களில் இது தலைகீழ்: காலையில் போட்ட ஆஸ்பிரினின் பலன், அடுத்த மாத்திரைக்கு முன்பே வற்றிவிடும்.

டிகாக்ரிலார் தட்டணுவை நிரந்தரமாக முடக்குவதில்லை. ஆனால் மருந்து இரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்வரை, வெளியிலிருந்து ஏற்றும் தட்டணுக்களையும் சேர்த்துத் தடுத்துவிடும். ஆஸ்பிரின் இரத்தத்தில் இருப்பது கொஞ்ச நேரமே. சில மணி நேரம் கழித்து ஏற்றும் தட்டணுக்கள் நன்றாகவே வேலை செய்யும். அவசரக் கசிவு வந்தால் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

## வழி 1: ஆஸ்பிரினை மட்டும் தொடர்வது

ஸ்டென்ட் அல்லது மாரடைப்பு வந்தவர்களில் மிகப் பலருக்கு இதுவே சரியான வழி. 75 முதல் 100 மி.கி. போதும், அளவைக் கூட்டினால் பாதுகாப்பு கூடாது, வயிற்றுப்புண்தான் கூடும்.

எண்ணிக்கை ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலே ஆஸ்பிரினை நிறுத்தும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. மாரடைப்பு நிலையில் அது எவ்வளவு விலை கேட்கும் என்பதை 2007-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. ஒரு லட்சத்துக்குக் கீழே தட்டணு இருந்த, தீவிர இதய நோய் வந்த புற்றுநோயாளிகளில் ஆஸ்பிரின் பெற்றவர்கள் 90 சதவீதம் பேர் 7 நாள் தாண்டி உயிரோடு இருந்தனர். பெறாதவர்களில் 6 சதவீதம் பேர் மட்டுமே. மிக மோசமான நிலையில் இருந்தவர்களுக்கு மருந்து கொடுக்காமல் விட்டிருக்கலாம் என்பதால் இந்த இடைவெளி முழுவதையும் ஆஸ்பிரின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும், எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து நிறுத்தும் கைகளைத் தயங்கவைக்க இது போதும்.

மறைந்திருக்கும் செலவு, ஆஸ்பிரினுக்குத் துணையாக எழுதப்படும் அமிலம் குறைக்கும் மாத்திரையில் இருக்கிறது. குமட்டலுக்காகக் கொடுக்கும் டெக்சாமெத்தசோனோடு ஆஸ்பிரின் சேரும்போது வயிற்றைக் காக்க அது தேவைதான். ஆனால் எர்லோட்டினிப், டசாட்டினிப், பசோபனிப் போன்ற புற்றுநோய் மாத்திரைகள் உடலில் சேர வயிற்று அமிலம் வேண்டும். அமிலத்தைக் குறைத்தால், விழுங்கும் புற்றுநோய் மருந்தின் ஒரு பகுதி வீணாகிறது. டசாட்டினிப் தானே தட்டணுவின் வேலையைக் கெடுக்கும் என்பது கூடுதல் சிக்கல். இந்த மூன்றில் ஒன்றை எடுப்பவர், வயிற்றுக்கு எந்த மாத்திரை, எந்த நேரத்தில் என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

## வழி 2: இரட்டை மருந்து, ஆனால் குறுகிய காலத்துக்கு

ஆஸ்பிரினோடு இரண்டாவது தட்டணு எதிர்ப்பு மருந்தையும் சேர்த்து எடுக்கும் இந்த வழியிலிருந்து, ஸ்டென்ட் வைத்துச் சில வாரங்களே ஆனவர்கள் தப்ப முடியாது. கசிவு அபாயம் மிக அதிகமான புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான 6 அல்லது 12 மாதத்துக்குப் பதில் 1 முதல் 3 மாதம் இரட்டை மருந்து, பிறகு ஒற்றை மருந்து என்பது இன்றைய வழிகாட்டுதல்களின் போக்கு. இப்போது வைக்கப்படும் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் அதற்கு இடம் தருகின்றன.

புற்றுநோய் தெரிந்த பிறகு ஸ்டென்ட் தேவைப்பட்டால், "கீமோ எப்போது, அறுவை எப்போது" என்பதை இதய மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எந்த ஸ்டென்ட், எத்தனை மாத இரட்டை மருந்து, அல்லது இப்போதைக்கு ஸ்டென்ட்டே வேண்டாமா என்று அவர் யோசிப்பதற்கு அந்தத் தேதிகள்தான் அடிப்படை.

இந்த வழியில் அதிகம் கவனிக்கப்படாத மோதல் குளோபிடோகிரலுக்கும் பாக்லிடாக்சல் என்னும் கீமோ மருந்துக்கும் இடையே இருக்கிறது. பாக்லிடாக்சலை உடைக்கும் கல்லீரல் நொதியை குளோபிடோகிரலின் ஒரு சிதைபொருள் தடுக்கிறது. விளைவாக பாக்லிடாக்சல் உடலில் அதிக நேரம் தங்கி, விரல் நுனி மரத்துப்போவதும் எரிவதும் கூடும். வெறும் கீமோ பக்கவிளைவு என்று எண்ணி கீமோ அளவைக் குறைத்துவிடுகிறார்கள். காரணம் இதய மருந்துப் பட்டியலில் இருந்திருக்கும்.

இப்ருடினிப் என்னும் இரத்தப் புற்றுநோய் மருந்தை எடுப்பவர்களுக்கு இரட்டை மருந்து பெரும்பாலும் ஒத்துவராது. அந்த மருந்து, இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள கொலாஜன் புரதத்தோடு தட்டணு ஒட்டுவதையே கெடுக்கிறது. மூன்று பக்கமும் தடை போட்டால் சின்ன இடறலும் பெரிய கசிவாகும். அங்கே புற்றுநோய் மருந்தை மாற்ற முடியுமா என்பதே முதல் கேள்வி.

காலில் அல்லது நுரையீரலில் இரத்தக்கட்டி வந்து, இரத்த உறைவு எதிர்ப்பு மருந்தும் சேர வேண்டியிருந்தால் அபாயம் இன்னும் ஏறும். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு கடந்து, நெஞ்சுவலி இல்லாமல் நிலையாக இருப்பவருக்கு உறைவு எதிர்ப்பு மருந்து மட்டுமே பெரும்பாலும் போதும். ஆஸ்பிரினை விட்டுவிடலாமா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். அதே போல, சிரை இரத்தக்கட்டிக்கு உறைவு எதிர்ப்பு மருந்துக்குப் பதிலாக ஆஸ்பிரின் போதும் என்பது சரியல்ல.

## வழி 3: நிறுத்துவது

இதய நோயோ பக்கவாதமோ வராமல், வயதாகிவிட்டதே என்று முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் எடுத்துவந்தவர்கள் கீமோ தொடங்கும்போது அதை விட்டுவிடுவதே நல்லது. சுமார் 19,000 ஆரோக்கியமான முதியவர்களிடம் 100 மி.கி. ஆஸ்பிரினைச் சோதித்து 2018-இல் முடிவு வெளியிட்ட ஆஸ்ப்ரீ ஆய்வில் இதயத்துக்குப் பெரிய பலன் தெரியவில்லை, கசிவு கூடியது. எதிர்பாராத வகையில் புற்றுநோய் மரணங்களும் ஆஸ்பிரின் பக்கம் 3.1 சதவீதம், போலி மருந்துப் பக்கம் 2.3 சதவீதம் என்று அதிகமாக இருந்தன.

நோய் முற்றி, ஆறுதல் சிகிச்சைக்கு மாறும் கட்டத்தில் மருந்துப் பட்டியலைச் சுருக்கும்போதும் முன்னெச்சரிக்கை ஆஸ்பிரின் முதலில் போகலாம்.

காரணத்தோடு எடுப்பவர்களுக்குத் தற்காலிக நிறுத்தம் மட்டுமே பேச்சு. எண்ணிக்கை கீழ்வரம்பைத் தாண்டி இறங்கினால், கசிவு தொடங்கினால், அல்லது செயல்முறை ஒன்று வந்தால் நிறுத்துவார்கள். எல்லாச் செயல்முறைக்கும் நிறுத்த வேண்டியதில்லை. இடுப்பெலும்பில் மஜ்ஜைப் பரிசோதனைக்கு ஆஸ்பிரின் பொதுவாகத் தடையில்லை. முதுகுத் தண்டில் ஊசி போட்டு கீமோ கொடுப்பதானால் ஆஸ்பிரின் தனியாக இருந்தால் பெரும்பாலும் செய்வார்கள். குளோபிடோகிரலை முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், எண்ணிக்கை 40,000 முதல் 50,000-க்கு மேல் இருக்க வேண்டும்.

இந்த வழியின் உண்மையான ஆபத்து, மறுபடி தொடங்க மறந்துபோவது. 18,000-இல் குளோபிடோகிரல் நிறுத்தப்படுகிறது, பத்து நாளில் எண்ணிக்கை 90,000 ஆகிறது, அடுத்த சுற்று கீமோவும் நடக்கிறது. மாத்திரையைத் தொடங்கச் சொல்ல வேண்டியவர் இதய மருத்துவரா, புற்றுநோய் மருத்துவரா என்பதில் தெளிவில்லாமல் மாதங்கள் ஓடிவிடும். நிறுத்தச் சொல்லும் அதே நாளில், "எந்த எண்ணிக்கை வந்தால் தொடங்க வேண்டும்" என்பதையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## வழி 4: புற்றுநோய்க்காகவே புதிதாகத் தொடங்குவது

முன்பு சொன்ன எலி ஆய்வுகளின் கவர்ச்சி இங்கேதான் ஆளை இழுக்கிறது. மனிதர்களில் கிடைத்த முடிவுகள் புற்றுநோய்க்குப் புற்றுநோய் வேறுபடுகின்றன.

பெருங்குடல் புற்றுநோயில் நம்பிக்கை தரும் சான்று இருக்கிறது. ஸ்வீடனிலிருந்து வழிநடத்தப்பட்டு 2025-இல் வெளியான அலாஸ்கா ஆய்வு, அறுவை முடிந்தவர்களில் கட்டியின் பிஐகே3சிஏ அல்லது அதோடு தொடர்புடைய மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தது. பரிசோதித்தவர்களில் சுமார் 37 சதவீதம் பேருக்கு அந்த மாற்றங்கள் இருந்தன. தினமும் 160 மி.கி. ஆஸ்பிரின், 3 ஆண்டு. குறிப்பிட்ட பிஐகே3சிஏ மாற்றங்கள் உள்ள குழுவில் நோய் திரும்பியது ஆஸ்பிரின் பக்கம் 7.7 சதவீதம், போலி மருந்துப் பக்கம் 14.1 சதவீதம். தொடர்புடைய பிற மாற்றங்கள் உள்ள குழுவில் 7.7-க்கு எதிரே 16.8. கடுமையான பாதகங்கள் ஆஸ்பிரின் பக்கம் 16.8 சதவீதம், மறுபக்கம் 11.6. பலன் பெரிது, ஆனால் இலவசமல்ல. மரபணுவைப் பார்க்காமல் 200 மி.கி. கொடுத்துப் பார்த்த அஸ்கோல்ட் ஆய்வில் தெளிவான பலன் கிடைக்கவில்லை. ஆகவே ஆஸ்பிரினைக் கேட்பதற்கு முன் கட்டியின் மரபணுப் பரிசோதனையைக் கேட்பதே முறை.

லிஞ்ச் நோய்க்குறி என்னும் பரம்பரை மரபணுக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சான்று பழையதும் உறுதியானதும். கேப்-2 ஆய்வில் 861 பேரில் ஒரு பாதியினருக்குத் தினமும் 600 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்தனர். பெருங்குடல் புற்றுநோய் குறைந்தது உடனே தெரியவில்லை. ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் தடுப்பு மருந்து அப்படித்தான் வேலை செய்யும்.

மார்பகப் புற்றுநோயில் கதை வேறு. சுமார் 3,000 பேருக்கு 300 மி.கி. ஆஸ்பிரின் அல்லது போலி மருந்து கொடுத்த ஏபிசி ஆய்வு, பலன் வரும் அறிகுறியே இல்லாததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது; முடிவு 2024-இல் வெளியானது. அந்த நோய் திரும்பாமலிருக்க ஆஸ்பிரின் தொடங்கக் காரணம் இல்லை. குளோபிடோகிரலையோ டிகாக்ரிலாரையோ புற்றுநோய்க்காக மட்டும் எடுப்பதற்கும் எந்தப் புற்றுநோயிலும் இன்று இடமில்லை.

ஆஸ்பிரின் சிகிச்சையின் பகுதியாகவே வரும் சில இடங்களும் உண்டு. மஜ்ஜையில் வரும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவில் லெனாலிடோமைடு, தாலிடோமைடு ஆகியவற்றை டெக்சாமெத்தசோனோடு கொடுக்கும்போது, இரத்தக்கட்டி அபாயம் குறைவானவர்களுக்கு ஆஸ்பிரின், அதிகமானவர்களுக்கு ஹெப்பாரின் வகை ஊசி. மஜ்ஜை சிவப்பணுக்களை அளவுக்கு மீறிப் பெருக்கும் பாலிசைத்தீமியா வேராவில் குறைந்த அளவு ஆஸ்பிரின் அடிப்படை மருந்து. மஜ்ஜை தட்டணுக்களை அளவுக்கு மீறிப் பெருக்கும் எசென்ஷியல் திராம்போசைத்தீமியாவில் பலருக்கும் ஆஸ்பிரின் உண்டு, ஆனால் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும். அங்கே அதிகத் தட்டணுவே, இரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணியை உறிஞ்சித் தீர்த்துவிடுவதால், எண்ணிக்கை கூடக்கூட இரத்தம் கசிய ஆரம்பிக்கும்.

## கசிவு தொடங்கினால்

கணுக்கால், முன்காலில் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள் திட்டாகத் தோன்றி, விரலால் அழுத்தியும் வெளுக்காமல் இருந்தால் அன்றே இரத்தப் பரிசோதனை. தார் போன்ற கறுப்பு மலம், திடீர்க் கடும் தலைவலியோடு வாந்தி, ஒரு பக்கக் கை கால் தளர்வு ஆகியவற்றுக்கு நேராக அவசரப் பிரிவு. அங்கே முதலில் சொல்ல வேண்டியது மருந்தின் பெயரும் கடைசி மாத்திரை எந்த மணிக்குப் போட்டது என்பதும். டிகாக்ரிலாரா ஆஸ்பிரினா என்பதைப் பொறுத்துத் தட்டணு ஏற்றுவதன் பலனே மாறும்.

மூளையில் கசிவு என்றால் உடனே தட்டணு ஏற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தட்டணு எதிர்ப்பு மருந்தில் இருந்தவர்களின் மூளைக் கசிவில், ஏற்றியவர்களே மோசமான நிலைக்குப் போனதை 2016-இல் பேட்ச் ஆய்வு காட்டியது. எண்ணிக்கையே மிகக் குறைந்தவர்களுக்கும் அறுவை தேவைப்படுபவர்களுக்கும் கணக்கு வேறு. அதை அங்குள்ள மருத்துவர்தான் அந்த நேரத்து எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிப்பார்.